ஈர மண்ணும் வீட்டு மராமத்தும்: இங்கிலாந்தின் பங்குத் தோட்டங்களில் இலையுதிர்கால வேலை

வீட்டைப் பிரித்துச் செப்பனிடும் வேலையும் நிலத்தைத் திருத்தும் வேலையும் ஒரே பருவத்தில் வந்து கூடுமாயின், பெரும்பாலும் கைவிடப்படுவது நிலமே. கூரை ஒழுகினால் வீட்டார் அனைவருக்கும் அன்றிரவே தெரியும்; மண் கெட்டாலோ அடுத்த மகசூலில்தான் தெரியும். இங்கிலாந்தில் செப்டம்பர் முதல் நவம்பர் முடியவுள்ள இலையுதிர் காலத்தில் இவ்விரு வேலைகளும் ஒன்றையொன்று நெருக்குகின்றன. குளிர் வருமுன் கூரையையும் ஜன்னலையும் பழுது பார்த்தாக வேண்டும். மழை மிகுமுன் கிழங்குகளை எடுத்துப் பூண்டை நட்டாக வேண்டும். அத்தேசத்துச் சிறு தோட்டக்காரர் இந்நெருக்கடியைச் சமாளிக்கும் விதம் நம் குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் அறியத்தக்கது.

பங்குத் தோட்டம் என்பது யாது?

நகரத்திலும் கிராமத்திலும் சொந்த நிலமில்லாத குடும்பங்கள் காய்கறி பயிரிட்டுக்கொள்ளும் பொருட்டு, ஸ்தல ஸ்தாபனங்கள் சிறு வாடகைக்குப் பிரித்துக் கொடுக்கும் நிலத்துக்கு அங்கே ‘அலாட்மெண்ட்’ என்று பெயர். வழக்கமான பங்கின் அளவு பத்துச் சதுரக் கோல். அவர்களுடைய கோல் பதினாறரை அடி நீளமுள்ளது. ஆகவே பத்துச் சதுரக் கோல் சுமார் 302 சதுர கஜமாகும். இது நம் கணக்கில் ஆறேகால் சென்டு, அதாவது சரியாக ஒரு வீசம் ஏக்கர். முழுப் பங்கைப் பராமரிக்க இயலாதவர்க்கு இப்போது பல இடங்களில் அரைப் பங்கும் தரப்படுகிறது.

இதற்கு ஆதாரமான சட்டம் 1908-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. வாக்காளராகவோ வரி செலுத்துவோராகவோ உள்ள ஆறு பேர் சேர்ந்து எழுத்து மூலம் விண்ணப்பித்தால், அவ்வூர்க் கவுன்சில் அதை ஆலோசிக்கக் கடமைப்பட்டது. தேவை உண்டென்று கண்டால் நிலம் ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும். 1922-ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகைய தோட்டம் கால் ஏக்கருக்கு மேற்படலாகாது என்றும், பயிர் செய்பவரும் அவர் குடும்பத்தாரும் உண்பதற்கான காய்கனிகளே அதில் முக்கியமாக விளைய வேண்டும் என்றும் வரையறுத்தது. 1925-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இதற்கென வாங்கப்பட்ட நிலத்தை மந்திரியின் சம்மதமின்றிக் கவுன்சில் விற்கவோ வேறு காரியத்துக்கு மாற்றவோ இயலாது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, உணவுக் கப்பல்கள் தடைப்பட்ட நாளில், இத்தோட்டங்கள் சுமார் 14 லட்சமாகப் பெருகின. பிற்பாடு குறைந்து, இக்காலத்தில் மூன்று லட்சத்தையொட்டி நிற்கின்றன. பல நகரங்களில் ஒரு பங்கு கிடைக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியுள்ளது.

இதனால் ஒரு நிபந்தனை கடுமையாகிறது. பங்கைப் பயிரின்றிக் களை மண்டவிட்டால் கவுன்சிலிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வரும். அதற்கும் அசையாவிடில் ஒரு மாத அறிவிப்பின் பேரில் நிலம் திரும்பப் பெறப்படலாம். வீட்டு மராமத்தில் மூழ்கி ஓர் இலையுதிர் காலத்தைத் தவறவிட்டவர், பல வருஷம் காத்திருந்து பெற்ற வீசம் நிலத்தை இழக்கவும் நேரும்.

மழையும் மண்ணும்

2022 அக்டோபர் முதல் 2024 மார்ச் முடிய உள்ள பதினெட்டு மாதங்களில் இங்கிலாந்தில் பெய்த மழை சுமார் 1,696 மில்லிமீட்டர். 1836-ஆம் ஆண்டு முதல் உள்ள கணக்கில், வேறெந்தப் பதினெட்டு மாதங்களிலும் இவ்வளவு பெய்ததில்லை. இடையில் 2023 அக்டோபரில் வந்த ‘பாபெட்’ என்னும் புயலில் பல ஊர்களில் வெள்ளம் புகுந்தது. கிழங்குகள் மண்ணிலேயே அழுகின. பூண்டு நடவும் பல இடங்களில் தவறிற்று.

பதினெட்டு மாதத்துக்கு அறுபத்தேழு அங்குலம் என்பது நம் கடற்கரை ஜில்லாக்களில் உள்ளோர்க்குப் பெரிதாகத் தோன்றாது. ஆனால் அங்கே கேடு செய்வது மழையின் அளவு மட்டுமன்று; வெயிலின் குறைவும் சேர்ந்து கொள்கிறது. நவம்பர் மத்தியில் லண்டனில் பகல் ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவு. பெய்த நீர் ஆவியாவதற்கு வழியில்லை. மண் வாரக்கணக்கில் நனைந்தே கிடக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்தபின் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். உத்தியோகத்துக்குச் செல்வோர்க்கு சனி, ஞாயிறு தவிர வேலை நாள் இல்லை. அவற்றுள் மழையற்றவை சிலவே.

இச்சமயத்தில் செய்யத்தகாத முதற் காரியம், நனைந்த பாத்தியில் கால் வைப்பது. நெல் வயலில் நாம் வேண்டுமென்றே சேறு கலக்கி, மண்ணின் துளைகளை அடைத்து, ஜலம் இறங்காத தட்டை உண்டாக்குகிறோம். காய்கறித் தோட்டத்திலோ அத்தட்டே பயிருக்கு எமனாகும். பிராணவாயு, காற்றின் வழியே பரவுவதைக் காட்டிலும் ஜலத்தின் வழியே சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவும். எனவே துளைகளில் நீர் நிறைந்த மண்ணில் வேர் மூச்சடைத்துச் சாகும். மிதிபட்டு இறுகிய மண் வெள்ளம் வடிந்த பின்னும் நெடுநாள் அவ்வாறே இருக்கும்.

இதற்கு அவர்கள் கொள்ளும் பரீட்சை எளிது. மண் காலணியில் ஒட்டிக்கொண்டு வருமாயின் அன்று பாத்தியில் வேலையில்லை. தவிர்க்க முடியாத வேலைக்கு அகலப் பலகையொன்றைக் குறுக்கே இட்டு, அதன்மேல் நின்று செய்வர். ஆள் கனம் பரவி மண் இறுகுவது குறையும். நிரந்தரப் பரிகாரம், பாத்திகளை நாலடி அகலத்துக்கு மேற்படாமல் உயர்த்தி அமைப்பதும், இடையில் நடைபாதை விடுவதுமேயாம். இருபுறமிருந்தும் கை எட்டுமாகையால் பாத்தியில் கால் படவேண்டியதில்லை. மிகுதி நீரும் பாதைக்கு வடிந்துவிடும்.

எடுப்பனவும் இடுவனவும்

உருளைக்கிழங்கை அக்டோபர் முடிவுக்குள் தோண்டிச் சில மணி நேரம் உலர்த்தி, சாக்கிலிட்டு வெளிச்சம் படாத அறையில் வைத்தல் வேண்டும். வெளிச்சம் பட்டால் பச்சையாகி விஷத்தன்மை அடையும். சிறு கிழங்குகளையும் மண்ணில் விட்டுவைக்கலாகாது. 1845-இல் அயர்லாந்தில் பெரும் பஞ்சத்துக்குக் காரணமான கருகல் நோய், உயிருள்ள கிழங்குகளில் தங்கியே அடுத்த வருஷத்துக்கு வருகிறது. காரட்டைத் தழை கிள்ளி, பெட்டியில் மணலுக்கு நடுவே அடுக்கி வைப்பர். லீக்ஸும் பார்ஸ்னிப்பும் நிலத்திலேயே நிற்கலாம். பார்ஸ்னிப் கிழங்கு உறைபனி பட்டபின் இனிப்பேறும்.

நடுவனவற்றுள் பூண்டு முதன்மையானது. ஒன்றிரண்டு மாதம் கடுங்குளிர் பட்டாலன்றி அது பல்பல்லாகப் பிரியாது. ஆகையால் அக்டோபர், நவம்பரே தக்க தருணம். நுனி மண்ணுக்குச் சற்றுக் கீழே மறையும்படி ஆறங்குல இடைவெளியில் நடுவர். களிமண்ணாயின் வரப்புப் போல் உயர்த்திய இடத்தில் நடுவதே நலம். ‘பிராட் பீன்’ என்னும் அகன்ற அவரையில் குளிர் தாங்கும் இரகத்தை நவம்பரில் இரண்டங்குல ஆழத்தில் ஊன்றுவர். நீர் தேங்கும் இடத்தில் விதை அழுகுமாதலால், மழை மிகுந்த ஆண்டில் சிறு தொட்டிகளில் முளைக்கவைத்து, வசந்தத்தில் பெயர்த்து நடுவது உத்தமம். பயிரில்லாத பாத்தியை வெறுமனே விட்டால் மழை தழைச்சத்தைக் கரைத்துக் கீழே கொண்டு போய்விடும். ஆகவே பசுந்தாளாக ரை தானியத்தை விதைத்து மண்ணை மூடிவைக்கிறார்கள்.

எருவும் சுண்ணாம்பும்

முட்டைக்கோஸ் இனத்துக்கு வரும் வேர் வீக்க நோய், புளிப்பேறிய ஈர மண்ணில் மிகும். அதன் விதைத்தூள் இருபது வருஷம் வரை மண்ணில் உயிரோடிருக்கக் கூடும். காலணியிலும் மண்வெட்டியிலும் ஒட்டி ஒரு பங்கிலிருந்து மற்றொன்றுக்குப் பரவும். மண்ணைப் பரீட்சித்து, புளிப்பு இருப்பின் இலையுதிர் காலத்தில் சுண்ணாம்பு இடுவர். ஆயின் புது எருவையும் சுண்ணாம்பையும் ஒருங்கே இடலாகாது. எருவிலுள்ள தழைச்சத்து நவச்சார ஆவியாகிப் போய்விடும். உருளைக்கிழங்கு போடவிருக்கும் பாத்திக்கும் சுண்ணாம்பு கூடாது. கிழங்கில் சொறி உண்டாகும். நீலகிரியில் கோஸ் பயிரிடுவோர் இச்செய்திகளைத் தம் மண்ணோடு பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

உதிர்ந்த இலைகளைக் கம்பிக் கூண்டில் குவித்து ஓரிரண்டு வருஷம் மக்கவிடுவது அங்கே பழைய வழக்கம். செடிகொடிக் கழிவையும் சாணத்தையும் அடுக்கடுக்காக இட்டு, ஈரமும் காற்றும் காத்து, கிளறி மக்கவைக்கும் முறையோ நம் தேசத்தோடு தொடர்புடையது. 1905-இல் பூசாவுக்கு வந்து, 1924 முதல் இந்தூரில் ஆராய்ச்சி செய்த ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் விஞ்ஞானி, இந்நாட்டுக் குடியானவர்களின் வழக்கங்களைக் கவனித்து வகுத்ததே ‘இந்தூர் முறை’. அது இங்கிலாந்தின் தோட்டங்களில் பரவியது. மழை மிகுந்தால் குவியலின் மேல் மூடி இட்டு வைக்க வேண்டும். நனைந்து காற்றிழந்த குவியல் மக்காமல் அழுகி நாறும்.

வீட்டு மராமத்தினால் வரும் கேடுகள்

மராமத்தில் கழியும் பொருள்கள் பல தோட்டத்துக்கு உதவும். பழைய செங்கல் நடைபாதைக்காகும். கண்ணாடி ஜன்னலைப் பலகைப் பெட்டியின் மேல் சாய்வாக வைத்தால், குளிர் தாக்காத நாற்றங்காலாகும். கூரைத் தாரையின் நீரைப் பீப்பாயில் சேர்த்தால் கோடைக்குதவும். ஆனால் ஆராயாமல் எடுப்பது ஆபத்து.

பழைய ஜன்னல்களின் வர்ணத்தில் ஈயம் கலந்திருத்தல் கூடும். ஈய வர்ணம் அங்கே 1992 வரை முற்றும் விலக்கப்படவில்லை. அதைச் சுரண்டிய தூள் பாத்தியில் விழுந்தால் மண்ணைவிட்டுப் போகாது. கொட்டகைக் கூரைகளில் காணப்படும் ஆஸ்பெஸ்டாஸ் தகடு 1999-இல் தடை செய்யப்பட்டது; அதை உடைக்காமல், அதற்கென அனுமதி பெற்ற இடத்தில் ஒப்புவிக்க வேண்டும். கிரியோசோட் எண்ணெய் ஊறிய ரயில் கட்டைகளைப் பாத்தி ஓரத்தில் பதித்தலும் தவறு. சாம்பல் நல்ல உரமே எனினும், வர்ணமோ மருந்தோ பூசிய மரத்தின் சாம்பல் ஒருநாளும் ஆகாது.

வீட்டை ஒட்டிய கொல்லைக்கு நேரும் தீங்கு இன்னும் பெரிது. அஸ்திவாரத்துக்குத் தோண்டிய அடிமண்ணை மேல்மண்ணின் மீது கொட்டுவதும், ஈரத்தில் வண்டிகளை ஓட்டுவதும், சிமெண்டுக் கலவையைச் செடிப்பக்கத்தில் கழுவி ஊற்றுவதும் கொத்து வேலைக்காரர்க்குச் சகஜம். பல வருஷ எருவால் உண்டான மேல்மண் ஒரு நாளில் பாழாகும். வேலை தொடங்குமுன்பே மேல்மண்ணை வெட்டியெடுத்துத் தனியே குவித்து மூடி வைத்தலும், வண்டிப் பாதையைப் பலகையிட்டு வரையறுத்தலும் வீட்டுக்காரர் பொறுப்பு. வேலை முடிந்தபின், இறுகிய அடிமண்ணை உலர்ந்த நாளில் கிளறிவிட்டு அதன்மேல் மேல்மண்ணைப் பரப்புவதே முறை.

வேலைகளின் வரிசை

இரு வேலைகளும் சேர்ந்து வந்தபோது அனுபவசாலிகள் கொள்ளும் வரிசை பின்வருமாறு:

1. மழை வலுக்குமுன் கிழங்குகளை எடுத்துவிடுதல். தள்ளிப்போடக் கூடாத வேலை இது.

2. பூண்டு நட ஒரு பாத்தியை மட்டும் ஆயத்தம் செய்தல்.

3. மற்றப் பாத்திகளைக் களையெடுத்து, பசுந்தாளாலோ மக்கிய எருவாலோ மூடிவிடுதல். மூடிய பாத்தி களையையும் தடுக்கும். பங்கு கைவிடப்படவில்லை என்பதையும் கவுன்சிலுக்குக் காட்டும்.

4. ஈர நாட்களில் மண்ணைத் தொடாமல் கருவிகளைத் துடைத்தல், விதைகளைப் பிரித்தல், வீட்டினுள் மராமத்தைக் கவனித்தல்.

5. நெருக்கடி மிகுந்தால் கவுன்சிலுக்கு முன்கூட்டியே எழுதி அவகாசம் கேட்டலும், அடுத்த பங்குக்காரரிடம் நிலத்தை மேற்பார்க்கச் சொல்லிவைத்தலும்.

முடிவுரை

நம் வடகிழக்குப் பருவமழையும் அவர்களுடைய இலையுதிர் காலமும் ஒரே மாதங்களில் வருகின்றன. சீதோஷ்ணம் வேறாயினும், ஈர மண்ணை மிதியாமை, வெற்று மண்ணை மூடுதல், மேல்மண்ணைக் காத்தல் ஆகிய மூன்றும் கிணற்றுப் பாசனத் தோட்டங்களுக்கும் வீட்டுக் கொல்லைகளுக்கும் அப்படியே பொருந்தும். ஐப்பசியில் வீடு செப்பனிட நேர்ந்தவர், முதல் வண்டி மணல் இறங்குமுன் கொல்லையின் மேல்மண் எங்கே சேரப்போகிறது என்பதைத் தீர்மானித்துக்கொள்வாராக. கிராம அதிகாரிகளோ, ஆறு பேர் கையொப்பமிட்ட ஒரு காகிதத்தினால் நிலமற்ற குடும்பங்களுக்கு வீசம் நிலம் கிடைக்க வழிசெய்த ஏற்பாடு நூறு ஆண்டுக்கு மேலாக நிலைத்திருப்பதைச் சிந்திப்பது நன்று.