டிராகனின் பேரமும் கர்ணனின் இரவும்

பென்டார் தீவில் ஒரு கிழட்டு டிராகன் பேரம் பேசுகிறது. எதிரே படகில் நிற்பவன் கெட், இருபது வயதுகூட நிரம்பாத மந்திரவாதி. தன் அகந்தையால் அவனே உலகுக்குள் திறந்துவிட்ட ஒரு நிழல் அவனை வேட்டையாடிக்கொண்டிருக்கிறது. அந்த உலகத்தில் ஒன்றின் மெய்ப்பெயரை அறிந்தவனுக்குத்தான் அது அடங்கும். நிழலின் பெயரை நான் சொல்கிறேன் என்கிறது டிராகன். கெட் வந்த காரியம் வேறு. பக்கத்துத் தீவுகளில் வாழும் எளிய மக்களை டிராகன்கள் இனி நெருங்கக் கூடாது என்று வாக்கு வாங்க வந்திருக்கிறான். டிராகனின் மெய்ப்பெயரை ஊகித்துச் சொல்லிவிட்டான்; அந்தப் பிடியை வைத்துத் தன் உயிரைக் காத்துக்கொள்ளலாம், அல்லது ஊராரைக் காக்கலாம். ஊராருக்கான வாக்கை வாங்கிக்கொண்டு, நிழலின் பயத்தோடே திரும்புகிறான். உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’ நாவலின் இந்த அத்தியாயத்தில் டிராகன்களோடு நடக்கும் சண்டையும் உண்டு. அது விரைவாக முடிந்துவிடுகிறது. புத்தகத்தை மூடிய பிறகும் வாசகரை விடாமல் பிடித்திருப்பது அந்தப் பையன் எடுத்த முடிவு.

இளையோருக்கான மிகுபுனைவு நாவலின் உண்மையான இன்பம் அங்கேதான் இருக்கிறது. மந்திரமும் பறக்கும் விலங்குகளும் வாசலைத் திறக்கின்றன. உள்ளே நம்மை உட்கார வைப்பது ஒரு மனிதரின் குணம். இந்த வகை நாவல் மிக அதிகமாகத் தேவைப்படும் இடங்களில் ஒன்று ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம் என்பது இக்கட்டுரையின் வாதம். எழுபதுகளில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980ஐ ஒட்டி டிவிஎஸ், அசோக் லேலண்ட் ஆலைகளும், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டன் கைக்கடிகார ஆலையும் வந்தன. இன்று போச்சம்பள்ளிப் பக்கம் மின்சார ஸ்கூட்டர் தயாராகிறது. ஓசூர் 2019இல் மாநகராட்சியானது. சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வேலை தேடி வந்தவர்களின் பிள்ளைகள், தலைமுறைகளாகத் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீட்டுப் பிள்ளைகளோடு ஒரே தெருவில் வளர்கிறார்கள். இந்தப் பிள்ளைகளின் அடுத்த பத்தாண்டுக்கு ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், ஷிஃப்ட் வேலை, பெங்களூரு என்று பாதைகள் முன்பே வரையப்பட்டிருக்கின்றன. நான் என்ன வேலைக்குப் போவேன் என்ற கேள்விக்கு ஊரே விடை சொல்கிறது. நான் யாராக ஆவேன் என்ற கேள்வியைக் கேட்க இடம் குறைவு.

குணத்தை மையமாகக் கொண்ட நாவலை அடையாளம் காண ஓர் எளிய சோதனை போதும். நாயகனை எடுத்துவிட்டு அதே வயதுள்ள வேறொருவரை அந்த இடத்தில் வையுங்கள். கதை மாறாமல் ஓடினால் அது சம்பவங்களின் கதை. கெட்டின் இடத்தில் பொறுமையுள்ள ஒருவனை வைத்தால் எர்த்ஸீ கதை தொடங்கவே தொடங்காது. ஆஜியன் என்ற பெரும் மந்திரவாதி அவனைச் சீடனாக ஏற்று, மலையில் நடக்கவும் செடிகளைக் கவனிக்கவும் பேசாமலிருக்கவும் பழக்குகிறார். கெட்டுக்கு அது போதவில்லை. ரோக் தீவின் மந்திரப் பள்ளிக்குப் போகிறான், சக மாணவனின் ஏளனத்தைத் தாங்க முடியாமல் இறந்துபோன ஓர் அழகியின் ஆவியை வரவழைக்கிறான், அந்தப் பிளவின் வழியே நிழல் நுழைகிறது. அதை மூடுவதற்குப் பள்ளியின் தலைவர் தன் உயிரையே கொடுக்கிறார். வெளியிலிருந்து வந்த அரக்கன் ஒருவனும் இந்தக் கதையில் இல்லை. கடைசியில் நடுக்கடலில் அந்த நிழலை எதிர்கொள்ளும்போது கெட் அதைத் தன் சொந்தப் பெயரால் அழைக்கிறான். தன் குறையைத் தன்னுடையது என்று ஏற்பதே இங்கே வெற்றி. பதினைந்து வயதில் இதைப் படிக்கும் ஒருவருக்கு இதைவிட நேர்மையான கதை கிடைப்பது அரிது.

இதற்கு எழும் முதல் மறுப்பு: நம் வாசகர்களுக்குக் கதை நகர வேண்டும், திருப்பம் வேண்டும், மனசுக்குள் நடப்பதையெல்லாம் யார் உட்கார்ந்து படிப்பார்கள்? இந்த மறுப்புக்கு இந்த மண்ணே பதில் வைத்திருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கிறது. ‘கர்ண மோட்சம்’ ஆடும் இரவில் கர்ணன் சாகப்போகிறான் என்பது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் தெரியும். திருப்பம் என்று சொல்ல எதுவுமில்லை. ஆனாலும் விடிய விடியக் கூட்டம் கலைவதில்லை. போருக்குப் புறப்படுமுன் விடைபெற வரும் கணவனைப் பொன்னுருவி பிறப்பைச் சொல்லி இழிக்கிறாள். அவன் என்ன பதில் சொல்வான், அவள் எப்போது உருகுவாள் என்பதற்காகத்தான் கூட்டம் விழித்திருக்கிறது. இந்த வட்டாரத்தின் நடுகற்களையும் பாருங்கள். ஆநிரை மீட்கும் சண்டையிலும் புலியோடு பொருதும் இறந்தவர்களுக்கு நட்ட கற்கள் அவை. பலவற்றில் இறந்தவரின் பெயரும் இறந்த காரணமும் வட்டெழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஓடிப்போயிருக்கலாம் என்ற நிலையில் நின்றவனின் முடிவைத்தான் ஊர் கல்லில் காத்துவைத்தது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி பிற்காலத்தில் பாரதத்தையும் இராமாயணத்தையும் எளிய தமிழில் எழுதினார். ‘சக்கரவர்த்தித் திருமகன்’ 1958இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. எல்லோருக்கும் தெரிந்த கதைகள்தான் அவை. மாந்தர்களின் தயக்கத்தையும் தடுமாற்றத்தையும் கேட்கும் ஆவல் ஓயாததால்தான் அவற்றைத் தமிழர்கள் மறுபடியும் வாங்கிப் படித்தார்கள்.

இரண்டாவது மறுப்பு பெற்றோரிடமிருந்து வருகிறது. படிக்கிற காலத்தில் மாயாஜாலக் கதை எதற்கு, அது நிஜத்திலிருந்து தப்பி ஓடும் வழியல்லவா? தப்பி ஓடுவதற்கென்றே எழுதப்பட்ட மிகுபுனைவுகள் நிறைய உண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நல்ல நாவல் ஓடியவனை மறுபக்கத்தில் நிறுத்தி அவன் பிரச்சினையையே காட்டுகிறது. பிலிப் புல்மன் 1995இல் வெளியிட்ட ‘நார்தர்ன் லைட்ஸ்’ நாவலின் உலகில் ஒவ்வொருவரின் ஆன்மாவும் ஒரு விலங்கின் வடிவில் கூடவே நடமாடுகிறது. குழந்தைகளின் விலங்கு நினைத்தபோதெல்லாம் உருமாறும். வளர்ந்ததும் ஒரே வடிவில் நின்றுவிடும். டால்ஃபினாக நின்றுவிட்ட ஆன்மாவை உடையவர் கரையேறவே முடியாது என்று ஒரு மாலுமி நாயகி லைராவிடம் சொல்கிறார். பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்த குரூப் எடுப்பது என்று ஒரே வாரத்தில் தீர்மானிக்கச் சொல்லப்படும் பிள்ளைக்கு இந்தக் காட்சி எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது! நாளைக்குத் தன் வடிவம் நின்றுவிடும் என்ற பயத்தைப் பற்றி எந்த வழிகாட்டிக் கையேடும் அந்தப் பிள்ளையோடு பேசுவதில்லை. நாவல் பேசுகிறது. அந்தப் பயம் தனக்கு மட்டும் உரியதல்ல என்று தெரிவதே படிப்பைத் தாங்கும் பலத்தைத் தரும்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. எல்லாம் உன் முடிவில் இருக்கிறது என்று இந்தக் கதைகள் சொல்கின்றன. கான்ட்ராக்ட் தொழிலாளியின் வீட்டுப் பிள்ளைக்கு அது பொய் வாக்குறுதியல்லவா? வேலை நிரந்தரமாவதும் வாடகை ஏறுவதும் விளைநிலம் தொழிற்பேட்டையாவதும் அந்தப் பிள்ளையின் குணத்தைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. நினைத்தால் எதுவும் முடியும் என்று முழங்கும் நாவல்களுக்கு இந்தக் குற்றச்சாட்டு அப்படியே பொருந்தும். கெட்டின் கதையோ கர்ணனின் கதையோ அப்படிப் பேசவில்லை. கெட் தாயில்லாமல் ஒரு மலைக்கிராமத்தில் வளர்ந்ததைத் தேர்ந்தெடுக்கவில்லை. கர்ணன் ஆற்றில் விடப்பட்டதையும் சாபங்களையும் தேர்ந்தெடுக்கவில்லை. அவன் தோற்பான் என்பதும் மாறாது. பிறர் தீர்மானித்த அத்தனைக்கும் பிறகு கையில் மிஞ்சும் இடம் எவ்வளவு, அதில் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை இந்தக் கதைகள் அளந்து காட்டுகின்றன. அநீதியை மறைக்கும் நாவல் மோசமான நாவல். அநீதி நடுவிலும் ஒருவருக்கு முகமும் சொல்லும் உண்டு என்று காட்டும் நாவல், ஒரு பிள்ளையை டோக்கன் எண்ணாக மட்டும் பார்க்கும் இடத்தில் நிமிர்ந்து நிற்பதற்கான சொற்களைக் கொடுக்கிறது. கூலியையும் உரிமையையும் கேட்கும் குரலுக்கும் அந்தச் சொற்கள் வேண்டும்.

இவையெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்பது கடைசி மறுப்பு. லெ குவின் தன் நாயகனைச் செம்பழுப்பு நிறத்தவனாகவும் அவன் நண்பனைக் கறுப்பு நிறத்தவனாகவும் வேண்டுமென்றே படைத்தவர். வெள்ளை வீரர்களின் கதைகளுக்கு நடுவே அது துணிச்சலான செயல். ஆயினும் மறுப்பில் ஒரு நியாயம் உண்டு: தமிழிலேயே இவை வேண்டும். தொடக்கங்கள் இருக்கின்றன. தினமணி சிறுவர்மணியில் தொடராக வந்த ஜெயமோகனின் ‘பனிமனிதன்’ இமயத்துக்குப் போகிறது. 2020இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ பேசும் மரப்பாச்சி ஒன்றைத் துணைக்கு அழைத்து, குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பற்றி வாய்திறக்கும் தைரியத்தைப் பேசுகிறது. ஓசூரில் வசிக்கும் பா. வெங்கடேசன் 2008இல் ‘தாண்டவராயன் கதை’ என்ற மாபெரும் புனைவைப் பெரியவர்களுக்காக எழுதியிருக்கிறார். இந்த ஊரில் கற்பனை வறண்டுவிடவில்லை. ஆனால் சிறுவர் கதைகளைத் தாண்டிய பதின்வயதுப் பிள்ளை நேராகப் ‘பொன்னியின் செல்வ’னுக்கோ ஆங்கிலத்துக்கோ போக வேண்டியிருக்கிறது. நடுவில் உள்ள அலமாரி ஏறக்குறைய காலி. அஞ்செட்டி, ஜவளகிரிக் காடுகளும் அங்கே அலையும் யானைகளும் மூன்று மொழிகள் கலக்கும் தெருக்களும் இரவு ஷிஃப்ட் பேருந்துகளும் இன்னும் ஒரு மந்திர உலகின் நிலமாக ஆகவில்லை.

லெ குவின் எர்த்ஸீயை எழுதியதே, சற்று வளர்ந்த பிள்ளைகளுக்காக ஒரு புத்தகம் வேண்டும் என்று ஒரு பதிப்பாளர் கேட்டதால்தான். கேட்டதால் ஒரு செவ்வியல் படைப்பு பிறந்தது. தமிழ்ப் பதிப்பாளர்களும் தங்கள் எழுத்தாளர்களிடம் அப்படிக் கேட்க வேண்டும். ஓசூரில் நடக்கும் புத்தகத் திருவிழாவில் பதின்வயதினருக்கென ஒரு தனி அரங்கு அமைய வேண்டும். அரசுப் பள்ளி நூலகங்களில் இந்த நாவல்கள் பூட்டிய அலமாரியை விட்டு வெளியே வர வேண்டும். புத்தகத்தை முடித்த பிள்ளையிடம் நீதி என்ன என்று கேட்பதை ஆசிரியர்கள் நிறுத்திவிடலாம். அவன் ஏன் அப்படிச் செய்தான், அவள் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டால் போதும். பதில் தவறாக இருக்கவே முடியாத ஒரு கேள்வியை மதிப்பெண்களுக்கு நடுவில் வளரும் பிள்ளைகள் அடிக்கடி சந்திப்பதில்லை. அதற்கு விடை தேடிப் பழகியவர்கள் நாளை ஆலைக்குள் போனாலும் பெங்களூருவுக்குப் போனாலும், தம்மைப் பற்றிய முடிவுகளை எடுக்கும் உரிமை தமக்கும் உண்டு என்று தெரிந்தே போவார்கள்.