காரணம் தெரியாக் காய்ச்சல்: கட்டடத்தின் காற்றை ஏன் ஆராய்கிறோம்?

ஒரே கட்டடத்தில் கூடிய பலர் ஒருங்கே நோயுற்று, வைத்தியர்களுக்கும் அதன் மூலகாரணம் புலப்படாதபோது எங்ஙனம் ஆராய்வது என்னும் வினாவுக்கு, 1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து ஹோட்டலொன்றில் நடந்த முன்னாள் போர்வீரர் மகாநாடு விடையளிக்கிறது.

அதையொட்டி 221 பேர் கடும் நிமோனியாவுற்று, 34 பேர் மாண்டனர். விஷமோ என்று ஜனங்கள் பீதியுற்றிருக்கையில், ஆராய்ச்சியாளர்கள், நோயுற்றோரில் யார் எங்கே எவ்வளவு நேரம் இருந்தனர் என்று நிதானமாகப் பட்டியலிட்டு, முகப்புக் கூடத்தில் நெடுநேரம் கழித்தவர்கள் அதிகமாக நோயுற்றதையும், உள்ளே நுழையாமல் வீதியில் நடந்தோர் சிலரும் பாதிக்கப்பட்டதையும், குடும்பத்தாருக்கு அது தொற்றாமையையும் கண்டு, காற்றே நோயின் வாகனம் என அநுமானித்தனர்.

1977 ஜனவரியில் குற்றவாளி வெளிப்பட்டது: பின்னாளில் லெஜியோனெல்லா என்று பெயர் பெற்ற பாக்டீரியா. வெதுவெதுப்பான நீரில், முக்கியமாகக் குளிர்சாதனக் கோபுரங்களில் பெருகும் இக்கிருமி, கண்ணுக்குத் தெரியாத நீர்த்திவலைகளில் ஏறிச் சுவாசத்தின் வழியே நுரையீரலை அடைகிறது.

கிருமியைப் போலவே அச்சமும் கூட்டத்தில் பரவி மெய்யான தலைவலியையும் மயக்கத்தையும் விளைவிக்கக்கூடும். ஆயினும், சோதியாமலே நோயை மனப்பிராந்தி என்று ஒதுக்குவது அநீதி. காற்றோட்டத்தையும் ஈரத்தையும் நீர்த்தொட்டிகளையும் பரீட்சித்து, கண்டதை ஒளிக்காமல் உரைப்பதே தர்மம்.