வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் பொறியைப் பாருங்கள்



சென்ற ஐப்பசி மழையில், டயாலிசிஸுக்காகத் திருநெல்வேலி செல்லவேண்டியவரை ஏற்றிய பிறகு நம் டிரஸ்ட் வேன் ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. "ஈ.சி.எம். போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்றார் ஒரு மெக்கானிக். இன்னொருவர் வந்து காயில் கனெக்டரைக் கழற்றினார். உள்ளே ஈரம், பச்சைக் களிம்பு, கரிசல் சேறு. துடைத்து மாட்டியதும் வண்டி கிளம்பியது.

பெட்ரோல் வண்டியில் பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் 20,000 வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்தி, ஸ்பார்க் பிளக்கில் பொறி எழச் செய்கிறது. முன்பு பிளாட்டினம் பாயிண்ட் செய்த வேலையை இன்று கிராங்க் சென்சாரும் ஈ.சி.எம்.மும் செய்கின்றன.

பழுதை இந்த வரிசையில் தேடச் சொல்லுங்கள்:

1. பேட்டரி, பியூஸ்.
2. பிளக்கில் பொறி வருகிறதா? நன்றாக வந்தால் பெட்ரோல் பக்கம் பார்க்க வேண்டும்.
3. ஒரு சிலிண்டரில் மட்டும் பொறி இல்லையெனில் அதன் பிளக், வயர், காயில். எதிலுமே இல்லையெனில் காயிலுக்கு வரும் கரண்ட், கிராங்க் சென்சார்.
4. ஈ.சி.எம். கடைசியில்தான்.

ஸ்கேனரில் பி0335 என்று வந்தால் கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு என்று பொருள். சென்சாரை மாற்றுமுன் வயரை எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்ஜின் ஓடும்போது பிளக் வயரைக் கையால் இழுக்காதீர்கள். கடுமையாக ஷாக் அடிக்கும். இன்ஜின் மீது தண்ணீர் பீய்ச்சியும் கழுவாதீர்கள்.

மழைக்கு முன் ஒருமுறை கனெக்டர்களைத் துடைத்து வையுங்கள். நோயாளியை ஏற்றிக்கொண்டு நடுவழியில் நிற்கும் நிலை யாருக்கும் வரவேண்டாம்.