கொடிக்கு ஏற்ற கொம்பு எது?

கியா பார்ம் சந்தைக்குப் போனால் ஸ்ட்ராபெரி, சோளம், தேன் என்று வாங்கி வருவதுதான் வழக்கம். சென்ற பள்ளி விடுமுறையில் நான் தூக்கி வந்தது ஒரு மான்ஸ்டெரா செடி. பாசி சுற்றிய கம்பைக் கட்டிப்பிடித்தபடி, ஓட்டை விழுந்த பெரிய இலைகளோடு நின்றது.

கோலாலம்பூர் வந்து இரண்டே மாதம். பாசி சருகாய்க் காய்ந்தது. புது இலைகள் சிறுத்துப்போயின. “கடையில பார்த்த செடியா இது?” என்றார் அம்மா.

அந்தச் செடி போனால் வேறு வாங்கலாம். பக்கத்தில் இருக்கும் மணி பிளாண்ட் அப்படியல்ல. தேயிலைத் தோட்டத்து லயத்தைக் காலி செய்தபோது, அப்பா போத்தலில் போட்டு எடுத்து வந்த துண்டு அது. அப்பா இன்று இல்லை. கொடி இருக்கிறது. அதையும் கம்பில் ஏற்ற வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. கெடுத்துவிடக் கூடாதே என்ற பயத்தில் மீண்டும் மலையேறினேன்.

செடிக்கடை அண்ணன் சிரித்தார். “தங்கச்சி, இங்க குளிரு, பனிமூட்டம். பாசி சீக்கிரம் காயாது. உங்க கே.எல். வெயிலுக்குத் தினமும் தண்ணி ஊத்தணுமே!”

விஷயம் அதுதான். கியா பார்ம் 1,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. அங்கே பிழைக்கும் கம்பு, நம் அடுக்குமாடி பால்கனியில் பிழைக்க வேண்டும் என்பதில்லை.

இந்தக் கொடிகள் கணுக்களிலிருந்து காற்றில் வேர் விடும். காட்டில் மரப்பட்டையைப் பற்றி, வெளிச்சத்தை நோக்கி ஏறும். ஏற ஏற இலை பெரிதாகும். தொங்க விட்டால் சிறுக்கும். தமிழகத்துக் கொடிக்கால்களில் வெற்றிலையை அகத்தி மரத்தில் ஏற்றுவதும், மிளகுக்கு முள்முருங்கையைத் துணையாக நடுவதும் இந்தப் பற்றுதலை அறிந்துதான்.

பாசிக் கம்பில் வேர் உள்ளேயே இறங்கி நீர் குடிக்கும். இலைகள் நன்றாகப் பெருக்கும். ஆனால் ஈரம் வற்றினால் அந்த வேர்கள் கருகிவிடும். தினமும் நீர் விட நேரம் இருப்பவர்களுக்கே இது சரி.

தேங்காய் நார் சுற்றிய கம்பு மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் ஈரத்தை அதிக நேரம் தாங்காது. கொடி சாயாமல் நிற்க உதவும், அவ்வளவுதான்.

மூன்றாவது, சொரசொரப்பான மரப்பலகை. வார்னிஷ், சாயம், பூச்சிமருந்து எதுவும் ஏற்றாததாக இருக்க வேண்டும். வேர் அதன் மேல் ஒட்டிக்கொள்ளும். தினமும் நனைக்க வேண்டியதில்லை. மூங்கில் குச்சியோ வழுவழுப்பானது. வேர் பிடிக்காது, இளங்கொடியைத் தாங்க மட்டும் போதும்.

பாசி வேண்டுமென்றால் கடையில் விற்கும் உலர்ந்த ஸ்பாக்னம் பாசியை வாங்குங்கள். கையுறை போட்டுக்கொண்டு பிசையுங்கள். அதிலிருந்து தோலில் பூஞ்சைத் தொற்று வரக்கூடும். பிரிஞ்சாங் மலையின் பாசிக் காட்டிலிருந்து ஒரு பிடிகூட உரிக்காதீர்கள். அந்தக் காட்டின் ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதே அந்தப் பாசிதான்.

எந்தக் கம்பானாலும் தொட்டி மாற்றும்போதே ஊன்றிவிடுங்கள். பிறகு குத்தினால் வேர் அறுபடும். தொட்டி கனமாக இருக்கட்டும். வேர் விடும் பக்கம் கம்பைத் தொட வேண்டும். துணி நாடாவால் தண்டை மட்டும் தளர்வாகக் கட்டுங்கள், இலைக்காம்பைக் கட்டாதீர்கள். வெளிச்சம் போதாத மூலையில் எந்தக் கம்பும் பயன் தராது.

நான் விடியுமுன் வானொலி நிலையத்துக்கு ஓடுகிறவள். அம்மாவுக்கு முழங்கால் வலி. எங்கள் வீட்டுக்குப் பலகைதான் என்று முடிவு செய்தேன். முதலில் கணுவோடு ஒரு துண்டை வெட்டி, அப்பா செய்ததைப் போலவே போத்தல் தண்ணீரில் போட்டு வைத்தேன். அதில் வேர் விட்ட பிறகுதான் தாய்க்கொடியைத் தொட்டேன்.

போன வாரம் புது இலை ஒன்று விரிந்தது. அம்மா தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்துப் பார்த்தார். இலைதான் பெரியது.