ஏரியின் அடியில் உறங்கும் ஈயம்

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலுள்ள கோர்டலேன் ஏரியின் தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருக்கிறது. அதன் அடியிலோ ஈயம், காட்மியம், ஆர்செனிக், துத்தநாகம் கலந்த வண்டல் சுமார் 7.5 கோடி டன் படிந்து கிடக்கிறது. கிழக்கே சில்வர் வேலி பள்ளத்தாக்கில் 1880களில் தொடங்கிய வெள்ளி, ஈயச் சுரங்கங்கள், தாதுவை அரைத்துப் பிரித்தபின் மிஞ்சிய கசடை 1968 வரை ஏரியில் வந்து சேரும் ஆற்றில் நேராகக் கொட்டின. கொட்டுவது நின்று அரை நூற்றாண்டு கடந்தும் வரத்து நிற்கவில்லை. கரையிலும் படுகையிலும் தங்கிவிட்ட பழைய கசடை ஒவ்வொரு வெள்ளமும் அரித்துக்கொண்டு வருகிறது. 1996 பிப்ரவரி வெள்ளத்தில் ஒரே நாளில் 4 லட்சம் கிலோவுக்கு மேல் ஈயம் ஏரிக்குள் போனது.

அமிழ்ந்து கிடப்பதை ஏன் கிளற வேண்டும், மேலே மண் மூடிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. கிளறக் கூடாது என்பது சரிதான். அத்தனை சேற்றையும் அள்ளப் போனால் நஞ்சு நீரில் கலக்கும். ஆனால் அதைக் கிளற மண்வெட்டிதான் வேண்டும் என்பதில்லை. அடிநீரில் ஆக்சிஜன் இருக்கும்வரை இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுத் துகள்கள் உலோகங்களைப் பிடித்து வைத்திருக்கின்றன. வீடுகள், வயல்கள், மரம் வெட்டிய சரிவுகளிலிருந்து பாஸ்பரஸ் வந்து சேர்ந்தால் பாசி பெருகும். அது செத்து அடியில் அழுகும்போது ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஆக்சிஜன் போனால் ஆக்சைடுகள் கரையும். அவற்றின் பிடியில் இருந்ததெல்லாம் நீருக்குள் வந்துவிடும். ஆகவே இந்த ஏரியில் கழிவுநீரும் தோட்டத்து உரமும்கூட ஈயப் பிரச்சினைதான்.

இன்னொரு வாதம் இதைவிடக் கூர்மையானது. நீரிலுள்ள துத்தநாகமே பாசியை வளரவிடாமல் தடுக்கிறது. ஆற்றைச் சுத்தம் செய்து அதைக் குறைத்தால் பாசிக்கு வழி திறந்துவிடாதா? அது உண்மையான கவலைதான். அதற்கு விடை, துத்தநாகத்தோடு சேர்த்துப் பாஸ்பரஸையும் குறைப்பது. ஆற்றை நஞ்சாகவே விட்டுவைப்பது அல்ல. அப்படி விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதை ஆற்றின் கீழ்ப்பகுதிச் சதுப்புகளில் பார்க்கலாம். வசந்தத்தில் வடக்கே போகும் டன்ட்ரா அன்னங்கள் அங்கே இறங்கி, நீண்ட கழுத்தைச் சேற்றில் நுழைத்துக் கிழங்கு தோண்டுகின்றன. கிழங்கோடு சேறும் உள்ளே போகிறது. ஈயம் இரைப்பையை முடக்கிவிட, தின்றது இறங்காமல் உணவுக்குழாயில் அடைத்து நிற்கிறது. தொண்டைவரை இரை இருந்தும் அன்னம் பட்டினியில் மெலிந்து சாகிறது. இது அன்னங்களின் கதை மட்டுமல்ல. ஏரிப்படுகையின் தென்பகுதி, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கோர்டலேன் பழங்குடியினருக்கு உரியது என்று 2001இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சதுப்புச் சேற்றில் விளையும் நீர்க்கிழங்கு, அவர்களும் தலைமுறை தலைமுறையாகத் தோண்டி உண்டு வந்த உணவு.