ஒரே குழாய், இரண்டு வீடு

அப்பா கட்டிய வீட்டை அண்ணனும் தம்பியும் நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். கிணறு பொது, சந்து பொது, மாடிப்படி இன்னாருக்கு, தென்னை மரம் இன்னாருக்கு என்று பாகப் பத்திரத்தில் எல்லாம் வரிவரியாக ஏறிவிடுகிறது. தெருவிலிருந்து வரும் குடிநீர்க் குழாய் மட்டும் விட்டுப்போகிறது. மண்ணுக்குள் கிடப்பதால் அது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. முன்வீட்டு வாசலில் ஒரு ‘டீ’ போட்டு, பின்வீட்டுக்கு அரை இஞ்சு பைப் இழுத்துக்கொண்டு பல வருடம் ஓட்டிவிடுகிறார்கள். பெரியவர்கள் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. பிறகு முன்வீட்டில் சம்ப் தோண்டுவார்கள், அல்லது பின்வீட்டில் மாடி எழுப்பி வாடகைக்கு விடுவார்கள். அதற்கப்புறம் தண்ணீர் வருகிற நேரத்தில் ஓரகத்திகள் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகும். வீடு கைமாறி, பக்கத்து வீட்டுக்காரர் சொந்தக்காரராக இல்லாமல் போனால் இன்னும் சிக்கல்.

இந்தச் சண்டையில் அடிக்கடி காதில் விழுவது ஒரே பேச்சு: “இது என் இடம், வால்வு என் வாசலில் இருக்கு, நான் மூடுவேன்.” சட்டம் இதை அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வதில்லை. இந்திய வசதியுரிமைச் சட்டம் 1882-இல் வந்தது. முதலில் அமலானதே சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு ஆகிய பகுதிகளில்தான். நம் சொத்தை அனுபவிப்பதற்காக அடுத்தவர் நிலத்தில் நமக்கு இருக்கும் உரிமையை அது வசதியுரிமை என்கிறது. நடைபாதை, வெளிச்சம், கழிவுநீர் வடிகால் ஆகியவற்றோடு தண்ணீர்க் குழாய் போகும் வழியும் இதில் அடக்கம்.

இந்த உரிமை மூன்று வழியில் வரலாம். எழுதிக் கொடுத்தால் வரும், அதுவே சிறந்தது. கூட்டுச் சொத்தைப் பிரிக்கும்போது தானாகவும் வரலாம். பிரிப்பதற்கு முன்பு ஒரு வசதி எப்படி அனுபவிக்கப்பட்டதோ, அப்படியே தொடர்வது ஒரு பங்குக்கு அவசியமாக இருந்து, அது வெளிப்படையாகவும் தொடர்ச்சியாகவும் இருந்தால், பத்திரத்தில் மாறாக எழுதாதவரை அந்த வசதி பங்கோடு சேர்ந்து வரும் என்கிறது 13-ஆவது பிரிவு. மண்ணுக்குள் இருக்கும் குழாய் எப்படி வெளிப்படை ஆகும் என்று கேட்கலாம். விஷயம் தெரிந்த ஒருவர் கவனித்துப் பார்த்தால் புலப்படும் நிலையான அடையாளம் இருந்தாலே போதும். வால்வும் டேப்பும் அப்படிப்பட்ட அடையாளம் என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. மூன்றாவது வழி, 20 வருட அனுபவம். அது ஒளிவுமறைவில்லாமல், தகராறில்லாமல், இடைவிடாமல், உரிமை என்ற முறையில் அனுபவித்ததாக இருக்க வேண்டும். அந்த 20 வருடமும் வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் வந்து முடிந்திருக்க வேண்டும். வால்வை மூடி வருடக்கணக்கில் ஆனபிறகு வக்கீலைத் தேடிப் போகிறவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள்.

“பாவம், பிடிச்சுக்கட்டும்” என்று அனுமதித்த தண்ணீருக்கு இந்த 20 வருடக் கணக்கு ஓடாது. அது வெறும் அனுமதி. பொதுவாகத் திரும்பப் பெறக்கூடியது. ஆனால் அந்த அனுமதியை நம்பி ஒருவர் செலவு செய்து நிலையான வேலை ஏதாவது செய்துவிட்டால், அதன்பிறகு அனுமதியைப் பறிக்க முடியாது என்று 60-ஆவது பிரிவு தடுக்கிறது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். குழாய் போகும் பாதைக்கான உரிமை வேறு, அந்தக் குழாயில் வரும் தண்ணீரில் பங்கு வேறு. பின்வீட்டுக்காரருக்குத் தனி இணைப்பு இருந்து, அவருடைய குழாய் முன்வீட்டு நிலத்தின் வழியே போகிறது என்றால் அது பாதைச் சண்டை. அவர் கை ஓங்கியிருக்கும். ஒரே இணைப்பு முன்வீட்டுக்காரர் பேரில் இருந்து, அதிலிருந்து பின்வீட்டுக்குக் கிளை போகிறது என்றால் கேள்வி வேறாகிவிடும். இணைப்பு யார் காசில் வாங்கியது, அப்பா காலத்துக் கூட்டுச் சொத்தா, குடிநீர்க் கட்டணத்தில் பாதி கொடுத்துவந்தாரா என்றெல்லாம் பார்ப்பார்கள். அதனால் கட்டணத்தில் உங்கள் பங்கைக் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாகவோ ஜிபேயிலோ அனுப்புங்கள். ரசீதின் நகலையும் வாங்கி வையுங்கள்.

உரிமை இருப்பவருக்குக் கடமையும் உண்டு. குழாயில் பழுது வந்தால் அடுத்தவர் நிலத்தில் இறங்கித் தோண்டிச் சரிசெய்யலாம்; ஆனால் தரையைப் பழையபடி ஆக்கிக் கொடுக்க வேண்டும். சட்டமே 24-ஆவது பிரிவில் தண்ணீர்க் குழாயைத்தான் உதாரணமாகக் காட்டுகிறது. பழுதுச் செலவு அவருடையது. பழுது பார்க்காமல் விட்டு, கசிந்து, முன்வீட்டுச் சுவர் ஓதம் பிடித்தால் அதற்கும் அவர் ஈடு கொடுக்க வேண்டும். ஒரு குடும்பம் குடிக்க வந்த குழாயில் மாடி எழுப்பி மூன்று குடித்தனத்துக்குத் தண்ணீர் எடுப்பதும் சரியில்லை. நிலத்துக்காரரின் சுமை அளவுக்கு மீறிக் கூடினால் உரிமையே போய்விடவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் குழாயைப் பாருங்கள். பாதிச் சண்டைக்குக் காரணம் மனிதர்களின் கெட்ட எண்ணம் என்று நினைத்துக்கொள்கிறோம். பல இடங்களில் அது அழுத்தம் செய்யும் வேலை. தண்ணீர் தாழ்வான, கிட்டத்தில் இருக்கும் வாயைத் தேடிப் போகும். முன்வீட்டு சம்ப் தரைக்குக் கீழே இருக்கிறது. பின்வீட்டு டேப் தரைக்கு மேலே மூன்றடி உயரத்தில், நாற்பதடி தள்ளி இருக்கிறது. முன்வீட்டில் யாரும் எந்தத் தப்பும் செய்யாவிட்டாலும் பின்வீட்டில் நூல் மாதிரிதான் வரும். இதை ஒரு வாளியை வைத்தே அளந்துவிடலாம். பத்து லிட்டர் வாளியைப் பின்வீட்டு டேப்பில் வைத்து, முன்வீட்டு வால்வை மூடி ஒருமுறையும் திறந்து ஒருமுறையும் எத்தனை நிமிடத்தில் நிரம்புகிறது என்று பாருங்கள். மூடியிருக்கும்போது ஒரு நிமிடம், திறந்திருக்கும்போது மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். முக்கால் மணி நேரம் தண்ணீர் விட்டால் முதல் கணக்கில் 450 லிட்டர், இரண்டாவதில் 150 லிட்டர். ஊரகக் குடும்பங்களுக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். நாலு பேருக்கு 220 லிட்டர் வேண்டும். 150-ஐ வைத்துக்கொண்டு அந்த வீட்டுப் பெண் எப்படிச் சமாளிப்பாள்? இந்த எண்களை எதிரே வைத்துப் பேசினால் குரல் உயராது என்பது என் நம்பிக்கை.

இரண்டு வீட்டுக்காரரும் கூட நின்று, முன்வீட்டுக் கிளையின் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, இரண்டு பக்கமும் வாளி ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிரம்பும் இடத்தில் நிறுத்தி, கைப்பிடியில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடலாம். அதைவிட நல்லது, டீயைத் தெருப் பக்கமாகக் கொண்டுபோய் அங்கிருந்து இரண்டு வீட்டுக்கும் தனித்தனிக் குழாய் போடுவது. பொதுவாக வரும் பகுதியை அரை இஞ்சிலிருந்து முக்கால் இஞ்சுக்கு மாற்றினால் உள்பரப்பு இரண்டேகால் மடங்காகும். தெரு இணைப்பே அரை இஞ்சாக இருந்தால் உள்ளே மாற்றி முழுப் பலன் கிடைக்காது என்பதையும் பிளம்பர் சொல்ல வேண்டும்.

குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவதை மட்டும் யாரும் நியாயப்படுத்த முடியாது. உள்ளாட்சிகள் அந்த மோட்டாரைப் பறிமுதல் செய்யும். உறிஞ்சும்போது வழியில் எங்காவது ஓட்டை இருந்தால் பக்கத்துச் சாக்கடை நீரும் உள்ளே வரும். அதைக் குடிப்பது இரண்டு வீட்டுக் குழந்தைகளும்தான். ஓஸ் பைப்பை சம்ப் தண்ணீருக்குள் முங்கவிட்டு வைப்பதும் ஆபத்து. தெருவில் தண்ணீர் நின்றதும் சம்ப் தண்ணீர் குழாயில் திரும்பி ஏறும். ஓஸின் வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே இருக்கட்டும். கிளையில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும் போடுங்கள்.

அடிக்கடி வரும் இன்னொரு சிக்கல், பழைய குழாய்க்கு மேலேயே முன்வீட்டுக்காரர் சமையலறை கட்டி டைல்ஸ் ஒட்டிவிடுவது. குழாய் கசிகிறது, டைல்ஸை யார் உடைப்பது? உடைத்துச் சரிசெய்து திரும்ப ஒட்டித்தரும் உரிமை பின்வீட்டுக்காரருக்கு இருக்கலாம். இருந்தாலும் அதே நிறத்தில் டைல்ஸ் கிடைக்காது, மனக்கசப்பு தீராது. பழைய குழாயை இரண்டு முனையிலும் அடைத்துவிட்டு, பொதுச் சந்துச் சுவரோரமாக, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கிளாம்ப் அடித்துப் புதுக் குழாய் கொண்டுபோவது பெரும்பாலும் செலவும் குறைவு. கசிவும் உடனே தெரியும்.

வால்வை மூடிவிட்டார்கள், பேச்சுக்கும் வரவில்லை என்றால்? பூட்டை உடைக்காதீர்கள். உரிமை உங்களுடையதாகவே இருந்தாலும் தடையை நீங்களாக அகற்றக் கூடாது என்று வசதியுரிமைச் சட்டத்தின் 36-ஆவது பிரிவு சொல்கிறது. தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள், எழுத்தில் கேளுங்கள். அடுத்து வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். வழக்குக்கு முன்பே இரண்டு பேரையும் அழைத்துப் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் அது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. அதுவும் ஆகவில்லை என்றால் முன்சீப் கோர்ட்டில் உறுத்துக்கட்டளை கேட்டு வழக்கு. இடைக்காலமாகவே வால்வைத் திறக்கச் சொல்லிக் கேட்க முடியும். அடிதடி வரும் நிலை என்றால் நிர்வாக நடுவரிடம், அதாவது கோட்டாட்சியர் அளவில், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 166-ஆவது பிரிவின்படி போகலாம். வருடம் முழுக்க அனுபவிக்கும் உரிமை என்றால், தகவல் கொடுப்பதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் அந்தக் குழாயில் தண்ணீர் பிடித்திருக்க வேண்டும்; தாமதித்தால் இந்தக் கதவு அடைபடும். வாடகைக்கு இருப்பவரின் தண்ணீரை வீட்டுக்காரர் நிறுத்துவது வேறு விவகாரம். அதை 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டமே தடை செய்கிறது.

முடிந்தவரை ஆளுக்கொரு இணைப்பு வாங்கிவிடுவதுதான் என் சிபாரிசு. அதற்கு முதலில் சொத்துவரி விதிப்பைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். பாகப் பத்திர நகலோடு நகராட்சியிலோ ஊராட்சியிலோ விண்ணப்பித்து, வரி எண் வந்தபின் வைப்புத்தொகையும் சாலை வெட்டும் கட்டணமும் கட்டி இணைப்புக் கேட்கலாம். அதுவரைக்கும், அல்லது அது முடியாத இடத்தில், ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். குழாய் எந்த வழியாக, எத்தனை அடி ஆழத்தில், எந்த அளவில் போகிறது. டீ வரைக்கும் செலவு பாதிப் பாதி, டீக்கு அப்புறம் அவரவர் செலவு. பழுது பார்க்க எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும். கட்டணம் எப்படிப் பிரிகிறது. எத்தனை குடித்தனத்துக்கு மேல் இந்தக் குழாயில் எடுக்கக் கூடாது. கூடவே கையால் வரைந்த ஒரு வரைபடம். இதைப் பதிவு செய்துவிட்டால் வில்லங்கச் சான்றில் ஏறும், நாளைக்கு அந்த வீட்டை வாங்க வருகிறவர் குழாயையும் பார்த்துத்தான் விலை பேசுவார்.