மடியில் ஒரு மடக்குக் கத்தி: பார்த்து வாங்குவது எப்படி?



விதை, உரம், பூச்சி மருந்து என்று எவ்வளவோ விஷயங்களைப் பற்றி நாம் பேசியிருக்கிறோம். இன்றைக்கு ஒரு சின்னச் சாமானைப் பற்றிச் சொல்லப் போகிறேன். உங்களில் பலருடைய சட்டைப் பையிலோ, இடுப்பு மடியிலோ, வண்டிப் பெட்டியிலோ இந்த நிமிஷமே அது இருக்கும். மடக்குக் கத்தியைத்தான் சொல்கிறேன். "இதுக்கெல்லாமா ஒரு பேச்சு?" என்று சிரிக்காதீர்கள். என் வலது கை ஆள்காட்டி விரலின் நுனியில் இன்றைக்கும் சரியான உணர்ச்சி கிடையாது. அந்தப் பாடத்தை எனக்குக் கற்றுக் கொடுத்தது ஒரு மடக்குக் கத்திதான்.

ஒரு நாளில் இந்தக் கத்திக்கு எத்தனை வேலை என்று எண்ணிப் பாருங்கள். காலையில் உரச் சாக்கின் தையலை அறுக்க வேண்டும். சொட்டுநீர்க் குழாயைத் துண்டு போட வேண்டும். வைக்கோல் கட்டின் கயிறு, நாற்றுக் கட்டின் நார், பந்தல் கம்பத்தில் கட்டிய நைலான் கயிறு எல்லாவற்றுக்கும் அதுதான். மாங்கன்றில் ஒட்டுக் கட்டும்போது தேவை. சாயங்காலம் சந்தைக்குப் போகிற கீரைக் கட்டைச் சீராக்கவும் தேவை. நடுராத்திரியில் கன்றுக்குட்டி கயிற்றைச் சுற்றிக்கொண்டு கழுத்து இறுகிக் கிடந்தால், ஒரு கையால் கன்றின் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் கயிற்றை அறுக்க வேண்டும். அந்த நேரத்தில் திறக்காத கத்தியும், மழுங்கிப் போன கத்தியும் இருந்தென்ன, இல்லாமல் போனாலென்ன?

விரல் போன கதை

பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கிராமத்தில் சொட்டுநீர்ப் பாசனச் செயல்விளக்கம் நடத்தினோம். பிளாஸ்டிக் பீப்பாயில் ஒரு துளை போட வேண்டியிருந்தது. சாலையோரக் கடை ஒன்றில் மலிவாக வாங்கிய மடக்குக் கத்தி என் பையில் இருந்தது. எடுத்து முனையைப் பீப்பாயில் வைத்து அழுத்தினேன். முனை சிக்கிக்கொண்டது. இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தினேன். அவ்வளவுதான், அலகு மடங்கி என் விரல் மேலேயே மூடிக்கொண்டது. மூன்று தையல் போட்டார்கள்.

பாடியில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். 1960களில் லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா போன்ற வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள் பாடிக்கு வந்தன. பக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வளர்ந்தது. அதன் பிறகு கடைசல், அரம், எஃகு என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேராவது அங்கே உண்டானார்கள். இந்தப் பெரியவரும் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்தான். கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், பாதித் தப்பு கத்தியோடது, பாதித் தப்பு உங்களோடது" என்றார். அவர் அன்றைக்கு விளக்கியதையும், பிறகு நான் படித்தும் பழகியும் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் பூட்டைப் பாருங்கள்

கத்தியின் வாயால் ஒன்றை அறுக்கும்போது, அலகு திறந்திருக்கும் பக்கமாகவே தள்ளப்படுகிறது. ஆகையால் மூடாது. ஆனால் முனையால் குத்தும்போதும், சிக்கிய கத்தியை முதுகுப் பக்கமாக இழுத்து உருவும்போதும், அலகு மூடும் பக்கமாகத் தள்ளப்படுகிறது. சாதாரண பேனாக் கத்தியில் பிடிக்குள் ஒரு வில்பட்டை மட்டும்தான் அலகைத் தாங்கி நிற்கும். நம்முடைய கை பலத்துக்கு அது ஈடு கொடுக்காது. தினசரி முரட்டு வேலைக்குப் பூட்டு உள்ள கத்திதான் ஏற்றது.

பூட்டில் மூன்று விதங்களைக் கடைகளில் பார்க்கலாம். முதலாவது முதுகுப் பூட்டு. பிடியின் முதுகில் உள்ள கட்டையை அமுக்கினால்தான் அலகு மடங்கும். இரண்டாவது உள்தகட்டுப் பூட்டு. பிடிக்குள் இருக்கும் தகடு நகர்ந்து வந்து அலகின் அடியில் முட்டுக் கொடுக்கும். மூன்றாவது வளையப் பூட்டு. கழுத்தில் உள்ள வளையத்தைத் திருகினால் அலகு அசையாது. பிரான்சு நாட்டின் சவாய் மலைப் பகுதியில் கோடாரி, அரிவாள் அடிக்கும் பட்டறைக் குடும்பத்தில் பிறந்த ஜோசப் ஒபினெல் என்பவர் 1890ஆம் ஆண்டில் மரப் பிடி வைத்த மடக்குக் கத்தி ஒன்றைச் செய்தார். 1955இல் அதற்கு இந்த வளையத்தைச் சேர்த்தார்கள். அந்த நாட்டுக் குடியானவர்களின் பைகளில் இன்றும் அது இருக்கிறது.

சேறும் மண்ணும் புழங்குகிற நமக்கு முதுகுப் பூட்டோ, வளையப் பூட்டோ நல்லது என்பது என் அனுபவம். உள்தகட்டுப் பூட்டில் கத்தியை மூடும்போது கட்டை விரல் அலகின் பாதையிலேயே இருக்கும். அந்தக் கவனம் அவசியம். பொத்தானை அமுக்கினால் படாரென்று திறக்கிற கத்தி வேண்டவே வேண்டாம். அதன் சுருள்வில்லில் மண் ஏறினால் வேலை செய்யாது. பையில் இருக்கும்போது தானாகத் திறந்தாலோ கேட்கவே வேண்டாம்.

அலகின் அளவு

பெரிய கத்தி என்றால் பெரிய வேலை செய்யும் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. அலகு 3 முதல் 3½ அங்குலம் இருந்தால் போதும். முதுகின் கனம் 2½ முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். அதைவிட மெலிந்தால் வளையும். அதைவிடத் தடித்தால் ஒட்டுக் கட்டும்போது குச்சியைச் சீவாது, பிளந்துவிடும். பிடி நாலு விரலும் அடங்கும்படி 4 முதல் 4½ அங்குல நீளம் இருக்க வேண்டும். சுண்டு விரல் வெளியே தொங்கினால் அந்தக் கத்தி உங்கள் கைக்கு இல்லை. வழவழப்பான பிடி பார்வைக்கு அழகு. ஆனால் வியர்வையும் மாங்காய்ப் பாலும் பட்டால் கையை விட்டு வழுக்கும்.

எஃகு எப்படி?

நம் திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அதிரம்பாக்கம் என்று ஓர் ஊர். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே ஆதிமனிதனின் கல் கருவிகளைக் கண்டெடுத்தார். அவற்றில் பழையவை ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். கண்ட கல்லையெல்லாம் எடுத்துச் செய்ததல்ல அது. பெரும்பாலும் கெட்டியான படிகப் பாறைக் கல்லாகப் பார்த்து உடைத்திருக்கிறார்கள். கருவிக்கு எந்தப் பொருள் தேறும் என்று பார்க்கிற புத்தி அவ்வளவு பழையது!

இரும்பில் கரி சத்து சேர்ந்தால் எஃகு. நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் கரி சேர்ந்து, துவைச்சலும் சரியாகப் போட்டால்தான் கூர் நிற்கும். நம் கொல்லர்கள் லாரிப் பட்டையை அடித்து அரிவாள் செய்வது இதனால்தான். இந்தக் கரி எஃகு சீக்கிரம் தீட்டுப்படும், நல்ல கூர் வரும். ஆனால் ஈரம் பட்டால் துருப் பிடிக்கும். நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவில் குரோமியம் சேர்ந்த எஃகு சுலபத்தில் துருப்பிடிக்காது. வயலில் தண்ணீரிலேயே நிற்பவர்களுக்கு அது தோது.

அலகில் எண்கள் பொறித்திருக்கும். 420 என்றால் துரு அண்டாது, ஆனால் அடிக்கடி தீட்ட வேண்டும். 440 சி என்றால் கூர் கூடுதல் நாள் நிற்கும். டி 2 என்றால் அதைவிட அதிக நாள் நிற்கும், ஆனால் தீட்டுவதற்குப் பொறுமை வேண்டும், துடைக்காமல் வைத்தால் துருவும் பிடிக்கும். எண் பொறித்துவிட்டதாலேயே சரக்கு நல்லது என்று நம்பிவிட வேண்டாம். துவைச்சல் சரியில்லை என்றால் எந்த எஃகும் வெறும் தகடுதான்.

கடையிலேயே பார்க்க வேண்டியவை

1. கத்தியைத் திறந்து, அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். 'கடகட' என்று ஆடினால் திரும்பக் கொடுத்துவிடுங்கள்.

2. மூடிப் பாருங்கள். அலகு பிடியின் இரண்டு பக்கமும் உரசாமல் நடுவில் அடங்க வேண்டும்.

3. விரல்கள் அலகின் பாதையில் இல்லாதபடி பிடியைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மரப் பலகையில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டுங்கள். பூட்டு நழுவினால் அந்தக் கத்தி உங்கள் விரலுக்குச் சத்துரு.

4. ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அது அநேகமாகப் பாத்திரம் செய்யும் எவர்சில்வர் வகை. துவைச்சலுக்கு அது பதப்படாது, கூரும் நிற்காது. ஒட்டினால் மட்டும் போதும் என்றும் நினைக்காதீர்கள். காந்தம் ஆணியிலும்தான் ஒட்டும்.

5. கடைக்காரர் சம்மதித்தால் அலகின் அடிப்பகுதியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அரத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் நல்லது. வெல்லக் கட்டியைச் சீவுவது போலச் சீவினால் வேண்டாம்.

6. அச்சாணி திருகாணியாக இருந்தால் நல்லது. நாளடைவில் தளர்ந்தாலும் நாமே முடுக்கிக்கொள்ளலாம்.

7. கையை நனைத்துக்கொண்டு ஒரு கையால் திறந்து பாருங்கள். கன்றுக்குட்டியை மறந்துவிடாதீர்கள்!

கத்தியைக் கத்தியாகவே வையுங்கள்

நான் செய்த பாதித் தப்பு என்ன? துளை போடுவது துளையாணியின் வேலை. அதைக் கத்தியிடம் கேட்டேன். டப்பா மூடியை நெம்புவது, திருகாணி முடுக்குவது, முதுகில் கல்லால் அடித்துக் கிளை பிளப்பது, இதெல்லாம் கூடாது. மடக்குக் கத்தி எவ்வளவு உறுதியானாலும் நடுவில் ஒரு மூட்டு இருக்கிறது. கிளை வெட்ட அரிவாள் இருக்கிறது, குழி பறிக்கக் கடப்பாரை இருக்கிறது.

தீட்டுவதும் பராமரிப்பும்

கத்தியைக் கல்லின் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். அதில் பாதி சாயுங்கள். அதிலும் பாதி சாயுங்கள். அந்தச் சாய்வுதான் சரியானது, ஏறக்குறைய 20 பாகை. இரண்டு பக்கமும் சமமாகத் தீட்ட வேண்டும். சாணைச் சக்கரத்தில் கொடுத்தால் அடிக்கடி தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள். வாய் நீலம் பாரித்துவிட்டால் துவைச்சல் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு அந்த இடத்தில் கூர் தங்காது.

பொட்டாஷ் மூட்டை அறுத்த கத்தியை அப்படியே மூடி வைக்காதீர்கள். அதிலுள்ள உப்பு ராத்திரியோடு ராத்திரியாகத் துருவை ஏற்றிவிடும். கழுவி, துடைத்து, அச்சாணியில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டால் போதும். அலகில் தேங்காய் எண்ணெய் தடவலாம்.

முக்கியமான விஷயம் ஒன்று. தக்காளியில் தேமல் நோய், கத்தரியில் பாக்டீரியா வாடல் நோய், இவை நோய் கண்ட செடியை வெட்டிய கத்தி மூலமாகவும் அடுத்த செடிக்குப் போகும். புகையிலை நறுக்கிய கத்தியாலும், பீடி பிடித்த கையாலும்கூடத் தேமல் நோய் பரவக்கூடும். ஆகவே புகையிலைக்கு வேறு கத்தி வையுங்கள். நோயுற்ற செடியை வெட்டிய பிறகு, கடையில் கிடைக்கும் திரவ பிளீச் 1 பங்குக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து, அதில் அலகை நனையுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிளீச்சே துருவைக் கொண்டுவரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

"கத்தி வெச்சிருந்தா போலீஸ்ல பிடிக்க மாட்டாங்களா சார்?" என்று ஒரு தம்பி கேட்டார். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைத்தான் ஆயுதப் பட்டியலில் சேர்க்கின்றன. அதிலும் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்குமாகச் செய்யப்பட்டவை விலக்கு. நம்முடையது 3½ அங்குலம். ஆனாலும் இடம் பொருள் பார்க்க வேண்டும். வேலைக்குப் போகும்போது வேலைச் சாமானோடு இருக்கட்டும். திருவிழாக் கூட்டத்துக்கும் மெட்ரோ ரயிலுக்கும் அதை எடுத்துப் போக வேண்டாம்.

கை வெட்டுப்பட்டால்

இவ்வளவு சொல்லியும் ஒரு நாள் வெட்டிக்கொண்டால், மண், சாணி, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள். ரத்தம் பீறிட்டு வந்தால் கழுவ நிற்காதீர்கள், உடனே அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காயம் ஆழமாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். ரண ஜன்னித் தடுப்பூசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்றும் அங்கே சொல்லுங்கள். விரல் மடங்கவில்லை, மரத்துப்போயிருக்கிறது என்றால் நரம்போ தசைநாரோ அறுபட்டிருக்கலாம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். நான் "சரியாப் போயிடும்" என்று இரண்டு நாள் இருந்துவிட்டேன். அதனால்தான் விரல் நுனி இன்னும் மரத்துக் கிடக்கிறதோ என்னவோ.

பாடியில் இப்போது வயல் கிடையாது. அம்பத்தூரோடு சேர்ந்து 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் போய்விட்டது. ஆனால் நீங்கள் விளைவிக்கிற கீரையும் கத்தரியும் கோயம்பேட்டுக்குப் போகிற வழியில் பாடி இருக்கிறது. அடுத்த தடவை அந்தப் பக்கம் போகும்போது இரும்புச் சாமான் கடை ஒன்றில் ஏறி, இன்றைக்குச் சொன்ன ஏழு விஷயங்களையும் பார்த்து ஒரு கத்தி வாங்குங்கள். ஏற்கெனவே கையில் கத்தி இருக்கிறதா? இன்றைக்கு ராத்திரியே அதன் முதுகைப் பலகையில் தட்டிப் பாருங்கள். நழுவுகிற கத்தி என்றால் நாளைக்கு அதை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போகாதீர்கள்.